அந்தாளு கேட்டான், அவ சொன்னா

பவுடர் எதுக்குப் போட்டா? அது ஒண்ணுதான் சென்னியப்பனுக்குப் புரியல. மத்ததெல்லாம் புரிஞ்சுது. பெரியாஸ்பத்திரி பூராவும் கொரோனா வார்டு ஆயிருச்சு, கர்ப்பமா இருக்கறவங்களைத் தவிர வேற பொம்பளைங்களை நேர்ல பாக்கறதில்ல, டோக்கன் போட்டு வெச்சா டாக்டரே போன்ல கூப்புட்டுப் பாப்பாரு, மூஞ்சி தெரியற மாதிரி கூப்புடுவாரு, திலகமணிகிட்ட இருக்கறது பட்டன் போனு, அதுல மூஞ்சி தெரியாது, அதனால இவன் போனைக் கேட்டா. சரி. சார்ஜ் ஏத்தி, கண்ணாடியை வேட்டி முனையில தொடைச்சு, "நெட்டு கம்மியாத்தான் இருக்குது, சுருக்காப் பேசு"ன்னு சொந்தக் கையால எடுத்துக் குடுத்தவனே இவந்தான். ஆனா பத்தே முக்காலுக்கு அவ நைட்டியைக் கழட்டிப் போட்டுட்டு, பச்சைப் பூனம் சேலையைக் கட்டி, தலை வாரி, பொட்டு வெச்சு, கழுத்து வரைக்கும் பவுடரு போட்டா. இருவத்திமூணு நாளா உதிரம் நிக்காம போயிட்டிருக்கற பொம்பளை, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நடக்கறவ, பவுடர் டப்பாவைக் கவுத்துத் தட்டித் தட்டி அடியில ஒட்டியிருந்ததைக்கூட விடல. இவனுக்காக அவ பவுடரு போட்டது கடைசியா எப்போ? மச்சான் ஊட்டுச் சீருக்கு. அதுவும் மச்சானுக்காகத்தான். "நீங்க செத்த வெளிய இருங்க"ன்னா. கதவைச் சாத்துனா. தாப்பாள் போடல, அந்த மட்டுக்கும் மரியாதை. நாலு லைன் வீட்டுக்கும் பொதுவா மாடிக்குப் போற படியில, மூணாவது படியில, மீட்டர் பொட்டிக்குப் பக்கத்துல போயி உக்காந்தான். அங்க உக்காந்தா ஜன்னல் கொசுவலை வழியா சத்தம் வரும். வருமான்னு பாத்து உக்காரல, சும்மாத்தான் உக்காந்தான். வந்துச்சு.

"வணக்கம்மா, நான் டாக்டர் யுகேந்திரன். சொல்லுங்க." வயசு முப்பதைத் தாண்டாது. தெக்கத்திப் பேச்சு. இவனாவே மனசுக்குள்ள ஒரு டாக்டரைத் தயார் பண்ணி வெச்சிருந்தான், வழுக்கை விழுந்து, காதுல முடி மொளைச்சு, பேத்தி எடுத்த டாக்டரு, அவரு கையிலதான் பொண்டாட்டியை ஒப்படைச்சிருந்தான். இப்பப் பாத்தா எவனோ எளவட்டம். கோயமுத்தூருல பொம்பளை டாக்டருக்கா பஞ்சம்? "அந்தம்மாளுக்கெல்லாம் கொரோனா டூட்டிங்க, இந்த வாரம் இவருதான்"னு திலகமணி நேத்தே சொல்லியிருந்தா. இவருதான்னு சொல்லும்போது அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு? சாதாரணமாத்தான் இருந்துச்சு. சாதாரணமா இருந்ததுதான் சந்தேகம். அட, சந்தேகமெல்லாம் இல்ல, அந்தாளு டாக்டரு, இவ நோயாளி, நடுவுல ஏழு கிலோமீட்டரு, ஊரடங்கு வேற, போலீஸ்காரன் மூலைக்கு மூலை நிக்கறான், ஒரு மனுசன் பொறாமைப்படறதுக்கு இதைவிடப் பத்திரமான ஏற்பாடு கெடையாது. இவனும் மூணு மாசமா இதே பொழப்புத்தான் பொழைக்கறான். ஆவாரம்பாளையத்துல மோட்டாரு வைண்டிங் கடை சாத்திக் கெடக்குது, அன்னூர்ல இருந்தும் சூலூர்ல இருந்தும் தோட்டத்துக்காரங்க போன் போடுவாங்க, "மோட்டாருகிட்டப் போனைக் காட்டுங்கண்ணா"ம்பான், கண்ணை மூடிக் கேப்பான், "பேரிங் போச்சுங்க, அமத்திருங்க, காயில் கருகிரும்"பான், இதுவரைக்கும் ஒண்ணும் தப்பல. ஆனா எந்த மோட்டாரும் பவுடரு போட்டுக்கிட்டு வந்து நிக்கல. உள்ள அவ பேசற சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கல. இவன்கிட்டப் பேசும்போது திலகமணி ஒரு வாக்கியத்துக்கு மூணு வார்த்தைக்கு மேல செலவு பண்ண மாட்டா. சோறு ஆச்சுங்க. தண்ணி வந்துருச்சுங்க. மக போன் பண்ணுனாளுங்க. அந்தப் புள்ளை கோபியில மாமன் ஊட்டுக்குப் பரிச்சை லீவுக்குப் போனது, பஸ்ஸு நின்னு அங்கயே மாட்டிக்கிச்சு, அது பேசற பேச்சாவது ஊட்டுல ஒரு சத்தமா இருக்கும், இப்ப அதுவும் இல்ல. அந்த மூணு வார்த்தைக்காரி உள்ள மூச்சு விடாம பேசிக்கிட்டிருக்கறா, அந்தாளு "ம், ம், அப்புறம்மா?"ங்கறான். அப்புறம்மா. எவ்வளவு சுளுவா கேக்கறான். நெனைச்சுப் பாத்தான், அவகிட்ட இவன் அப்புறம்னு ஒரு வார்த்தை கேட்டதா ஞாபகம் இல்ல. கேட்டிருப்பான், குழம்பு ஊத்துனதுக்கு அப்புறம் ரசம் வருமான்னு கேட்டிருப்பான்.

நேர்ல வரச் சொன்னா, அவகூட ஒரே ஒருத்தருதான் போலாமாம். அதுக்கும் ஆளு போட்டுட்டா. எதுத்த வீட்டு மெகருன்னிசா அக்கா. நேத்து வாசல்ல ரெண்டு பேரும் ஆளுக்கொரு மொகமூடியைப் போட்டுக்கிட்டுக் குசுகுசுன்னு முடிவு பண்ணிட்டாங்க, இவன் குடத்தோட தாண்டிப் போனான், பேச்சு நின்னுச்சு, தாண்டுனதும் மறுபடி ஓடுச்சு. பதினஞ்சு வருசம் தாலி கட்டுன புருசன் இருக்கும்போது பக்கத்து வீட்டம்மா எதுக்கு? கேக்கலாம். ஆனா கேக்கல. ஏன்னா ரெண்டு மாசமா இவன் பண்ணுன காரியம் அப்படி. திலகமணி அம்மா ஊட்டுல தூரமானா தனிப்பாய், தனித்தட்டு, தனி டம்ளரு. கல்யாணமாகி ஒத்தை ரூம்புக்கு வந்த பொறவும் அவ விடல, தனியா ஒதுங்கறதுக்கு எடமே இல்லாத ஊட்டுல பீரோ ஓரமா ஒரு கோரைப்பாயைப் போட்டுப் படுத்துக்குவா, மூணு நாளு, மிஞ்சுனா நாலு. இவனும் கட்டில்ல கெடந்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு எண்ணி நாலாம் நாளுக்குக் காத்திருப்பான், ஆம்பளைதான. ஏப்ரல்ல பாயி விரிச்சா. நாலு போச்சு, அஞ்சு போச்சு, ஒம்பது போச்சு. சுருட்டுனா, ஒரு வாரத்துல மறுக்காவும் விரிச்சா. வெளிய போக முடியாது, கடை இல்ல, எந்நேரமும் ரெண்டு பேரும் அதே பத்துக்குப் பத்து, அதுல குறுக்க ஒரு பாயி. பாயி பொய் சொல்லுதுன்னு இவன் முடிவு பண்ணுனான். வைண்டிங்காரனுக்கு எண்ணறது கைப்பழக்கம், எத்தனை சுத்துன்னு செவுத்துல கோடு போடாம கையி நிக்காது, கடைச் செவுத்துக்குப் பதிலா இங்க மீட்டர் பொட்டிக்குப் பக்கத்துல ஒரு செவுரு இருந்துச்சு, பென்சில் எடுத்துக் குறிக்க ஆரம்பிச்சான். உடம்புக்கு என்னன்னு கேக்கறதுக்காகக் குறிக்கல. ஒரு நாளைக்கு மூஞ்சிக்கு நேரா நீட்டிக் கேக்கறதுக்காகக் குறிச்சான்.

கேட்டும் போட்டான். அதை நெனச்சாத்தான் இப்ப படியில உக்கார முடியல, எந்திரிச்சு நின்னு, நின்னா ஜன்னல்ல தலை தெரியும்னு மறுபடி உக்காந்தான். மொதல்ல அவளோட பட்டன் போனைத் திறந்து பாத்தான். ஒரே லேண்ட்லைன் நெம்பருக்கு ஏழு தடவை. கடை மொதலாளி போனை வாங்கி அந்த நெம்பரை அடிச்சான், "மகளிர் வார்டு, சொல்லுங்க"ன்னு ஒரு நர்ஸம்மா எடுத்துச்சு, வெச்சுட்டான். அத்தோட நிம்மதியா இருந்திருக்கணும். மகளிர் வார்டுல கம்பவுண்டர் இல்லையா, லிஃப்ட் போடறவன் இல்லையான்னு அங்கிருந்து ஓடுச்சு புத்தி. பொறவு வேட்டி. பழைய வேட்டி மூணு, பொட்டிக்கடியில மடிச்சு வெச்சது, காணல. ஆம்பளை வேட்டி ஊட்டை விட்டு எங்க போகும்? எந்த ஆம்பளை இடுப்புக்குப் போகும்? ஒம்பது நாளைக்கு முன்னாடி, மத்தியானம், அவ ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருந்தா. தூரமா இருந்தா அடுப்படிக்கே வராதவ, ஆக்கறதுக்கு வேற ஆளில்லாம கணக்குப் பாக்காம வந்துக்கிட்டிருந்தா, அதையும் பொய்யிக்குச் சாட்சியாத்தான் எடுத்துக்கிட்டான். "நான் நாளு எண்ணி வெச்சிருக்கறேன் புள்ள, யாருக்காக இந்தப் பாயி? என்ற வேட்டி எவன் கட்டியிருக்கறான்?"ன்னான். அவ திரும்பிப் பாத்தா. கைப்புளியை அப்படியே வெச்சுட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போனா, மூடி வெச்சிருந்த பக்கெட்டைத் தூக்க முடியாம இழுத்துக்கிட்டே வந்து இவன் காலுக்கு முன்னாடி வெச்சுத் தொறந்தா. மருந்துக்கடையில பஞ்சு கெடைக்கல, பக்கத்துல எந்தக் கடையிலயும் கெடைக்கல, மூணு வேட்டியையும் கிழிச்சுக் கிழிச்சு மடிச்சிருந்தா. தண்ணி அந்த நெறத்துல இருந்துச்சு. "இவன்தான் கட்டியிருக்கறான்"னா. அவ்வளவுதான். புளியைக் கரைக்கப் போயிட்டா. அன்னிக்கு ரசம் நல்லாத்தான் இருந்துச்சு, அதுவும் ஒரு கஷ்டம்.

"தேதி ஞாபகம் இருக்காம்மா? எப்ப ஆரம்பிச்சுச்சு, எப்ப நின்னுச்சு? அதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்." இது தெளிவாக் கேட்டுச்சு. திலகமணி தடுமாறுனா. "சித்திரைக்கு முன்னாடிங்க சார்... இல்லீங்க, சித்திரைக்குப் பொறவு ஒருக்கா... நாளே தெரிய மாட்டேங்குதுங்க, எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குதுங்க." "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அவசரமில்ல." அந்தாளு காத்திருந்தான். அவ யோசிச்சா. இவனுக்குக் காதுக்குப் பக்கத்துலயே செவுரு இருந்துச்சு. கோடு கோடா, அஞ்சுக்கு ஒரு குறுக்குக் கோடு, மேல தேதி. சொல்லாம இருந்தர்லாம். சொன்னா எதுக்கு எண்ணுனான்னு அவளுக்கு இன்னொருக்கா ஞாபகம் வரும். சொல்லலைன்னா அந்தாளு தப்பா முடிவு பண்ணுவான். பொறாமை ஒரு பக்கம் சும்மா இருடான்னுச்சு, எனக்குத் தெரியும்டா உனக்குத் தெரியாதுங்கற திமிரு இன்னொரு பக்கம் தள்ளுச்சு, கடைசியில வாயைத் தொறந்தது அந்தத் திமிருதான், அன்பு கின்புன்னு யாரும் தப்பா நெனச்சுக்கக் கூடாது. கொசுவலைக்கிட்ட மூஞ்சியை வெச்சு, ரேஷன் கடையில கார்டு நெம்பரு சொல்றவனாட்ட, "ஏப்ரல் பதினொண்ணுல இருந்து பத்தொம்பது. இருவத்தேழுல இருந்து மே ஒம்பது. மே இருவத்தொண்ணுல இருந்து இன்னிக்கு வரைக்கும், இருவத்திமூணு நாளு"ன்னான். பொறவு டாக்டரு, "யாரும்மா அது?" "எங்க ஊட்டுக்காரருங்க." "எழுதி வெச்சிருக்காரா? பிரமாதம்! காலையில இருந்து பதினாலு பேரைப் பாத்துட்டேன், ஒருத்தர் வீட்லகூட இப்படி எழுதி வைக்கல. உள்ள வாங்க சார், ஏன் வெளிய நிக்குறீங்க?" பரிசு குடுத்துக் கூப்புடற மாதிரி கூப்புட்டான் பாவி. திலகமணி ஜன்னலைப் பாத்தா. அவளுக்குத் தெரியும் அது எதுக்கு எண்ணுனதுன்னு. பிரமாதம்னு அந்தாளு சொன்னதை அவ மறுத்துச் சொல்லல. மறுத்திருந்தாக்கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு.

உள்ள போனான். போனை அரிசி டப்பா மேல சாத்தி வெச்சிருந்தா. திரையில மொகமூடி, அதுக்கு மேல பிளாஸ்டிக் மறைப்பு, தலைக்குத் தொப்பி, ஆளுன்னு பாத்தா ரெண்டு புருவம் மட்டுந்தான். இத்தனை நேரம் ரெண்டு புருவத்துக்கா வயிறெரிஞ்சோம்னு இருந்துச்சு. புருவமும் நல்லாத்தான் இருந்துச்சு, அடர்த்தியா. கட்டி கட்டியாப் போகுதா, எவ்வளவு பெருசு, நெல்லிக்காயளவா, எந்திரிச்சா கண்ணு இருட்டுதா, மாடி ஏறுனா மூச்சு வாங்குதான்னு அந்தாளு கேக்கக் கேக்க அவ சொல்லிக்கிட்டே வந்தா, எல்லாம் இவன் பக்கத்துல நடந்தது, எல்லாமே இவனுக்குப் புதுசு. "சார், அம்மாவோட கீழ் இமையை இழுத்துக் கேமராக்கிட்டக் காட்டுங்க, வெளிச்சத்துல." கையைக் கழுவிட்டு வந்தான். கட்டை விரலை வெச்சு அவ கண்ணுக்குக் கீழ மெதுவா இழுத்தான். ரெண்டு மாசத்துக்குப் பொறவு அவ மேல கையி படுது, அதுவும் இன்னொருத்தன் சொல்லித்தான் படுது. பவுடர் விரல்ல ஒட்டுச்சு. பவுடருக்கு அடியில மூஞ்சி காயிதமாட்டம் வெளுத்திருந்துச்சு, அப்பத்தான் தெரிஞ்சுது, டாக்டருக்கு அழகாத் தெரியறதுக்கு அவ போடல, பொணமாட்டம் தெரியாம இருக்கறதுக்குப் போட்டிருக்கறா. கண்ணுக்குள்ள செவப்பே இல்ல. "ம்ம், ரத்தம் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்"னான் அந்தாளு. பொறவு அதே கொரல்ல, கொஞ்சங்கூட மாத்தாம, "இன்னொண்ணு கேக்கணும்மா, சங்கடப்படாதீங்க. நீங்க ரெண்டு பேரும் சேரும்போது வலி இருக்குதா?"ன்னான்.

இவன் கையி இன்னும் அவ கன்னத்துலயே இருந்துச்சு. எடுத்தான். எங்க வெக்கறதுன்னு தெரியல. தெருவுல கீரைக்காரம்மா மைக்குல கூவிக்கிட்டுப் போச்சு, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. இல்லைங்கன்னு சொல்லிருன்னு இவன் உள்ளுக்குள்ள கும்புட்டான். இதுல என்ன இருக்குது சொல்றதுக்கு. "இருக்குதுங்க." "எவ்வளவு நாளா?" "மக பொறந்ததுல இருந்துங்க." பதிமூணு வருசம். எண்ணறவன் புத்தி நிக்காம எண்ணுச்சு, மாசம் எத்தனை, வாரம் எத்தனைன்னு, ஒரு எடத்துக்கு மேல எண்ண முடியல. அந்த நேரத்துல அவ மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவா. வெக்கம்னு நெனச்சான். பல்லைக் கடிப்பா. அதை வேற என்னமோன்னு நெனச்சான், நெனச்சு சந்தோசம்கூடப் பட்டிருக்கறான். "அவர்கிட்ட சொன்னதில்லையாம்மா?" "கேட்டதில்லீங்க." புகார் பண்ற கொரலா இருந்தா இவன் ஒரு சண்டையாவது போட்டிருப்பான். தண்ணி இன்னிக்கு வரலீங்கன்னு சொல்ற கொரல்லதான் சொன்னா. நாலு நிமிசம், இல்லைன்னா அஞ்சு நிமிசம் இருக்குமா, மூஞ்சிகூடத் தெரியாத ஒருத்தன் கேட்டான், இவ சொல்லிட்டா. பதினஞ்சு வருசமா ஒரே பாயில இருந்து ஒரே கட்டிலுக்கு வந்தவனுக்குக் கெடைக்காதது, டோக்கன் போட்டா கெடைக்குது. இப்பத்தான் நெசமா எரிஞ்சுது. பவுடருக்கு எரிஞ்சதெல்லாம் ஒண்ணுமே இல்ல. அந்தாளு மேல எரியுதா, கேக்கத் தெரிஞ்ச அந்த நாக்கு மேல எரியுதா. அதுவும் பெரிய கேள்வியா என்ன? ஒரு வரி. இவன் முன்னப் பின்னத் தெரியாத தோட்டத்துக்காரனுகிட்ட, என்ன சத்தம் வருதுங்கண்ணா, எப்ப இருந்து வருதுங்கண்ணான்னு தெனம் பத்துத் தடவை கேக்கறான்.

"ரத்தம் கட்டுப்படறதுக்கு மாத்திரை அனுப்பறேன், இன்னிக்கே ஆரம்பிங்க. ஆனா போன்ல விட முடியாதும்மா இதை. திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துருங்க. ஸ்கேன் பண்ணணும், தேவைப்பட்டா ரத்தம் ஏத்தணும், கர்ப்பப்பையில சின்னத் துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பயப்படாதீங்க, பாத்துக்கலாம். கூட ஒருத்தர்தான். யார் வர்றாங்க, பேர் எழுதணும்." இவன் பக்கத்துலதான் நிக்கறான், பட்டன் இல்லாத சட்டையோட, முழு ஆளா. "எதுத்த ஊட்டு அக்கா வர்றாங்க சார்"னா திலகமணி. "சரிம்மா." திரை கறுப்பாச்சு. அதுல இவன் மூஞ்சி தெரிஞ்சுது, போனைக் கவுத்து வெச்சான். அவ மெதுவா பாயில உக்காந்தா. "நான் வரக்கூடாதா?"ன்னான். "நீங்க வந்தா படியில உக்கார முடியாதுங்க." "தெரியும்." "அங்க எல்லாத்தையும் கேப்பாங்க. எனக்குத் தலை சுத்திருச்சுன்னா உங்களைக் கேப்பாங்க. நர்ஸம்மா நாலு பேரு நிக்கறப்பவே கேப்பாங்க." "கேக்கட்டும்." "என்ன சொல்லுவீங்க?" பரிச்சை வெக்கறா. "தேதி சொல்லுவேன்." "அது ஊருக்கே கேட்டுச்சு. அப்புறம்?" அப்புறங்கறா. "கட்டி கட்டியாப் போகுதுன்னு சொல்லுவேன். நெல்லிக்காயளவு." "அப்புறம்?" அவ அவசரப்படுத்தல, அந்தாளு காத்திருந்த மாதிரியே காத்திருந்தா, எங்க கத்துக்கிட்டாளோ. "அதுவும் சொல்லுவேன்"னான். "அதுவும்னா அங்க எழுத மாட்டாங்க." "வலின்னு சொல்லுவேன். பதிமூணு வருசம்னு." சொல்லிட்டுக் குனிஞ்சுக்கிட்டான். அவ சேலைத் தலைப்புல மூஞ்சியைத் தொடைச்சா, பவுடர் பாதி போச்சு. "அப்படின்னா அக்காகிட்ட நீங்களே போயிச் சொல்லிருங்க, வர வேண்டாம்னு"னா.

எதுத்த வீட்டுக்கு ஒம்பது எட்டு வெச்சாப் போதும். மெகருன்னிசா அக்கா நெலப்படியில உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க, இவனைப் பாத்ததும் முந்தானையை மூக்கு வரைக்கும் ஏத்துனாங்க. "என்ன தம்பி?" "திங்கக்கிழமை நீங்க வர வேண்டாமுங்க்கா. நான் போறேன்." "நீங்களா? அங்க பொம்பளைங்க சமாச்சாரம்ல கேப்பாங்க." "தெரியுமுங்க்கா." "என்ன தெரியும்?" கீரையை உருவறதை நிறுத்திட்டாங்க. பக்கத்து வீட்டுல குக்கர் ரெண்டு விசில் அடிச்சு ஓஞ்சுது. மூணாவது விசிலுக்குக் காத்திருந்து அந்தச் சத்தத்துல சொல்லிரலாம்னு பாத்தான், அடுப்பை அமத்திட்டாங்களாட்ட இருக்குது, வரவே இல்ல. "அவளுக்கு வலிக்குதுங்க்கா"ன்னான், நெனச்சதைவிடச் சத்தமா வந்துருச்சு, "ரொம்ப வருசமா." அந்தம்மா இவனை மேலயும் கீழயும் பாத்தாங்க. "அது எனக்கு எட்டு வருசமாத் தெரியும் தம்பி. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

எட்டு வருசம். இந்தம்மாளுக்குமா. எரிஞ்சுது, இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான ஆகணும்.

"இப்பத்தானுங்க்கா"ன்னான் சென்னியப்பன். "கால் மணி நேரம் ஆச்சு."